நீலத் திரையும் நாற்பத்திரண்டு நாளும்

செப்டம்பர் 2, காலை 06:10
குழாய்த் திரவம் 21.0 லிட்டர். அறை வெப்பம் 14 டிகிரி.

கலிஸ்டோ அஞ்சல் நிலையம். ஆள் எண்ணிக்கை ஒன்று: பே. செண்பகவல்லி, நிலையப் பொறியாளர். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம்.

ஆன்டெனா சரி. மின்சாரம் சரி. வியாழன் சன்னலில், எலுமிச்சம்பழ அளவில். தொலைவில் போகும் கலங்களின் சமிக்ஞையை வாங்கிப் பூமிக்குத் தள்ளுவது இந்த நிலையத்தின் வேலை. நேற்று மூன்று கலங்கள் பேசின. மூன்றையும் அனுப்பினேன்.

சுவருக்குள் ஓடும் சூடேற்றும் குழாயில் ஜூலை 3 அன்று விரிசல் விழுந்தது. கை எட்டாத இடம், பனிக்கட்டிக்குள் புதைந்த பகுதி. தினம் 0.6 லிட்டர் வெளியே போகிறது. ஆறு லிட்டருக்குக் கீழே இறங்கினால் பம்பு இழுக்காது. பம்பு நின்றால் ஒரு பகல்பொழுதில் அறை உறைந்துவிடும். கணக்குப்படி இன்னும் இருபத்தைந்து நாள். அடுத்த கப்பல் வரப் பதினான்கு மாதம். கட்டுப்பாட்டு மையத்துக்கு இது தெரியும். என் அப்பாவுக்குத் தெரியாது.

அப்பாவிடமிருந்து வந்தது:

"எம்மா செம்பகம், உன் கடுதாசி வந்துட்டு. தெறக்கப் போனா மறுபடியும் நீலம் வந்துட்டு. நீலத்துல ஒரு அழுமூஞ்சி, கீழ நம்பர். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா?"

செப்டம்பர் 3, காலை 07:00
திரவம் 20.4. வெப்பம் 14.

அந்த நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவைக்க வேண்டும். இனி இந்தப் பதிவில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

கோவில்பட்டியில் என் அப்பா பேச்சிமுத்து தனியாக இருக்கிறார். மின்சார மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் ஒன்பது வருடம். வீட்டில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. நான் கல்லூரியில் படித்தபோது பழைய பாகங்களைப் பொறுக்கி நானே கோத்தது. நிலையத்துக்கு நான் கிளம்பியபோது அலுவலகம் அப்பாவுக்குப் புத்தம்புது பலகைக் கணினி ஒன்றைக் கொடுத்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எம்மக செஞ்ச மெஷின் இருக்கு" என்று இந்தக் கிழட்டுப் பெட்டியைக் குடும்ப முனையமாகப் பதிந்துவிட்டார். மாற்ற விண்ணப்பித்தால் நான்கு மாதம் ஆகும்.

வீட்டோடு பேச எனக்கு இரண்டு வழி. ஒன்று, தினம் அறுபது சொல். அதை மையத்தில் இருக்கும் செய்தி அதிகாரி ஆக்னஸ் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். நிலையத்தின் பழுது பற்றி அதில் ஒரு சொல் எழுதக் கூடாது. மற்றொன்று முத்திரைக் கடிதம். என் குரலில் பதிந்தது, வீட்டுக் கணினி மட்டுமே திறக்கக்கூடியது. அதைப் பிரித்தெடுக்க நாற்பது நிமிடம் ஆகும். கணினியின் நினைவகம் முழுவதையும் கேட்கும். முழுதாகப் பிரிந்த பிறகுதான் குரல் வரும். பன்னிரண்டாவது நிமிடத்தில் கணினி நின்றுபோய் நீலத் திரை விழுகிறது.

நான் திரும்பி வர மாட்டேன் என்பது அந்தக் கடிதத்தில் இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு யாரோ ஒருவர் தொலைபேசியில் வருத்தம் தெரிவிப்பார். அந்தப் போனை அவர் எடுப்பதற்கு முன்னால், என் வாயால் அவர் கேட்க வேண்டும். எனக்கு இப்போது இருக்கும் ஒரே வேலை அந்தப் பெட்டியை ஓடவைப்பதுதான்.

செப்டம்பர் 5, காலை 07:20
திரவம் 19.2. வெப்பம் 13.

எந்தெந்த நாள் நீலம் வந்தது என்று கேட்டிருந்தேன். பழைய மீட்டர்காரர், எதையும் எழுதிவைப்பார். தினசரி நாள்காட்டியில் தேதி கிழித்த தாள்களை ஒரு கம்பியில் குத்திச் சேர்த்து வைத்திருப்பார்.

வந்தது:

"சீட்டு பாத்துச் சொல்லுதேன். ஆகஸ்ட் அஞ்சு, ஏழு, எட்டு, பதினொண்ணு ரெண்டு தரம், பதினாலு. அப்புறம் தெனமும். நம்பரு சீரோ எக்ஸ், சீரோ ஒண்ணு ஏ. எல்லாத்துக்கும் அதே நம்பர்தான். மழையே இல்ல இங்க. பம்பரம் மாதிரி சுத்துன ஃபேனு இப்பம் முனகுது."

அந்த எண் நினைவகக் கோளாறைச் சொல்வது. ரேம் அட்டையோ, அது உட்காரும் ஸ்லாட்டோ சரியில்லை. இது எனக்கு அத்துப்படி.

புரியாதது ஒன்று. ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 19 வரை நாற்பத்திரண்டு நாள் என் ஆன்டெனா உறைந்து கிடந்தது. ஒரு செய்தியும் போகவில்லை. வீட்டாரிடம் "தற்காலிகத் தொடர்புத் துண்டிப்பு" என்று சொல்லிவிட்டதாக மையம் எனக்குச் சொன்னது. நான் கடிதமே அனுப்பாத ஆகஸ்ட் ஐந்தில் அப்பா அந்தக் கணினியில் எதைத் திறந்துகொண்டிருந்தார்? அவருக்குச் சீட்டாட்டம்கூடத் தெரியாது.

செப்டம்பர் 8, காலை 06:50
திரவம் 17.4. வெப்பம் 13.

ரேம் அட்டை இரண்டு. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டச் சொன்னேன். போக நாற்பத்தொரு நிமிடம், வர நாற்பத்தொரு நிமிடம். தினம் ஒரு முறைதான் அனுமதி, அதனால் பதில் மறுநாள்தான் வரும். ஒரு ஸ்குரூ கழற்ற ஒரு நாள்.

வந்தது:

"சீப்பு மாதிரி இருக்கே, அதானா? ஒண்ணு வந்துட்டு. இன்னொண்ணு வர மாட்டேங்கு. ரெண்டு பக்கமும் காது இருக்குன்னு நீ சொல்லலயே. காத அமுக்குனதும் துள்ளி வந்துட்டு. ஒண்ணையும் ஒடிக்கல. ஒத்தச் சீப்ப வச்சு ஓட்டுனேன். ஒம்பது நிமிசத்துல நீலம். மத்தத வச்சேன். எட்டு நிமிசம்."

இரண்டும் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டிலும் ஒரே அழுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நான் கிளம்பும்போது அந்த அட்டைகள் தங்கம்போல் பளபளத்தன. இரண்டே வருடத்தில் எங்கிருந்து வந்தது அழுக்கு?

துள்ளி வந்துட்டு என்று எழுதியதைப் படித்துச் சிரித்தேன். வாயிலிருந்து புகை வந்தது. அறைக்குள்ளேயே புகை வரும் அளவுக்குக் குளிர் ஏறிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

செப்டம்பர் 10, காலை 07:15
திரவம் 16.2. வெப்பம் 12.

ரேம் அட்டையின் தங்கப் பற்களை அழி ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கணினிக் கடைகளில் முதல் வைத்தியம். பாதிக் கோளாறு அதிலேயே ஓடிவிடும். அதைச் செய்யச் சொல்லி அனுப்பினேன்.

வந்தது:

"ரப்பர் வாங்கியாந்தேன். ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் நீலம். நீலத்துக்கு நீலம்தான் தோதுன்னு நீலப் பக்கத்த வச்சுத் தேச்சேன். கருப்பா அழுக்கு வருது, கரிப்பிடிச்ச சட்டி தேச்ச மாதிரி. நல்லா வழுவழுன்னு ஆயிட்டு."

நீலப் பக்கம் பேனா மை அழிக்கும் சொரசொரப்புப் பக்கம். தங்கப் பூச்சையே சுரண்டிவிடும். உலகத்தில் வேறு யாரும் செய்ய மாட்டார்கள். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அனுப்பியது: "அப்பா! நீலப் பக்கம் கூடவே கூடாது. செவப்புப் பக்கம். மெதுவா, ஒரே திசையில. பூ மாதிரி. இன்னைக்கு நீங்க பண்ணினத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கரி. அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. கணினி இருப்பது முன்னறையில். அடுப்பு பின்கட்டில்.

செப்டம்பர் 13, காலை 06:40
திரவம் 14.4. வெப்பம் 12.

வந்தது:

"செவப்புப் பக்கம் தேச்சாச்சு. ரெண்டு சீப்பும் வச்சாச்சு. இந்தத் தடவ பத்தொம்பது நிமிசம் ஓடிச்சு தாயி! உன் கடுதாசி பாதி பிரிஞ்சிட்டு. அப்புறம்தான் நீலம். பெட்டிய தொட்டா சுடுது."

ஏழு நிமிடம் கூடியிருக்கிறது! அட்டை பிழைத்துவிட்டது. மிச்சம் சூடு. செயலியின் மேல் இருக்கும் ஃபேனுக்குக் காற்று போகவில்லை. மூடியை முழுக்கக் கழற்றி, ஃபேனுக்குள் என்ன அடைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டேன்.

எனக்குக் குளிர், அங்கே சூடு. இரண்டையும் கலந்து பாதியாகப் பிரித்துக்கொள்ள முடிந்தால் இருவரும் தப்பித்துவிடுவோம்.

செப்டம்பர் 15, காலை 07:05
திரவம் 13.2. வெப்பம் 11.

வந்தது:

"ஃபேன் நல்லாத்தான் ஓடுது. உள்ள ஒண்ணும் இல்ல. சும்மா தூசி. வேற ஏதாச்சும் சொல்லு."

பொய். சூடு எங்கிருந்து வந்ததாம்? ரேமின் காது வரைக்கும் வருணித்த மனிதர், ஃபேனைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நழுவுகிறார். இவர் மூடியைத் திறக்கவே இல்லை, அல்லது திறந்து எதையோ பார்த்திருக்கிறார். எனக்கு நாள் இல்லை. பொறுமையும் இல்லை.

அனுப்பியது: "அப்பா, நான் சொல்றத மட்டும் செய்யுங்க. திறந்து, ஃபேனைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. சும்மா சமாளிக்காதீங்க. ஒவ்வொரு நாளும் வீணாப் போகுது. உங்க பிடிவாதத்தாலதான் இந்த ஓட்டப் பெட்டியோட நான் மாரடிக்கிறேன்."

அனுப்பிவிட்டேன். திரும்பப் பெறும் வசதி கிடையாது.

செப்டம்பர் 17, காலை 07:30
திரவம் 12.0. வெப்பம் 10.

நேற்றும் இன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

கையுறையோடு தட்டச்சு செய்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஓட்டைப் பெட்டி என்று சொன்னேன். நான் கோத்த பெட்டி என்பதற்காகப் புதிதை வேண்டாம் என்றவரிடம் சொன்னேன். அவருக்கு என் அவசரம் தெரியாதே. மகள் வெறுமனே சிடுசிடுக்கிறாள் என்று நினைத்திருப்பார். மீதி இருக்கும் பத்து நாளில் இரண்டு நாளை என் வாயால் கெடுத்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். குளிருக்குப் போட்டிருந்த கண்ணாடி முகமூடிக்குள் துடைக்க முடியாமல் அது பெரிய தொந்தரவாகிவிட்டது.

செப்டம்பர் 18, காலை 06:55
திரவம் 11.4. வெப்பம் 10.

படம் வந்தது. சொல் எதுவும் இல்லை, படம் மட்டும்.

பதிவு செய்கிறேன். செயலிக்கு மேலே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சருகு. பழுப்பு நிறம், ஓரத்தில் கருஞ்சிவப்பு. ரோஜா இதழ். ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஃபேனின் அச்சில் நார் சுற்றியிருக்கிறது. பூக் கட்டும் வாழைநார். எல்லாவற்றின் மேலும் கருப்பாக ஒரு படிவு, அதன் மேல் வெள்ளைப் பொடி. சாம்பிராணிக் கரி. திருநீறு.

பெட்டியின் மேல்தகட்டில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஓட்டை உண்டு. சூடு வெளியேற நான் அறுத்தது. வலை போட வேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். போடவே இல்லை. அந்த ஓட்டைக்கு நேர் மேலே சுவரில் அம்மாவின் படம்.

ஆனால் அம்மாவுக்குப் பிளாஸ்டிக் மாலை. ஒன்பது வருடமாக ஒரே மாலை. அதிலிருந்து இதழ் உதிராது.

பூமாலை வேறு ஒரு படத்துக்குப் போட்டது.

எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாரும் மாலை போட மாட்டார்கள்.

செப்டம்பர் 18, காலை 11:20

மறுபடி எழுதுகிறேன். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி அவர் என்ன திறந்தார் என்று இப்போது தெரிகிறது. என் பழைய குரல் கடிதங்கள். நான் செத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். தலைக்கு மேல் என் படம், அதில் மாலை. இதழ் உதிர்ந்து ஓட்டை வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீலம் வந்திருக்கிறது.

செப்டம்பர் 19, காலை 07:00
திரவம் 10.8. வெப்பம் 9.

இரண்டு செய்திகள்.

மையத்திலிருந்து, அதிகாரி ஆக்னஸ்: "நிலையம், படத்தைப் பார்த்தேன். ஜூலை 30 அன்று உங்கள் தந்தைக்கு இறப்புச் செய்தி சொன்னது நான்தான். நீங்கள் மீண்டதும் அதை உங்களிடம் மறைக்கச் சொன்னார்கள். மறைத்தேன். என்னை மன்னிக்க வேண்டாம்."

அப்பா: "எம்மா, ஆபீஸ்ல போன் போட்டு நீ இல்லன்னுட்டாங்க. அன்னைக்கே படம் மாட்டி மாலை போட்டுட்டேன். தெனம் புது மாலை. பதினாறும் செஞ்சிட்டேன். ஆகஸ்ட் பத்தொம்பது நீ பேசுன. பிச்சு எறிஞ்சேன். உசுரோட இருக்க புள்ளைக்கு மாலை போட்ட பாவி நான். உனக்கு ஏதும் ஆச்சுன்னா என்னாலதான். அத உன்கிட்ட எப்படிச் சொல்ல?"

படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன்.

கண்டெடுப்பவரே, இதைக் கவனியுங்கள். எனக்கு ஏதோ ஒன்று ஆகத்தான் போகிறது. எட்டு நாளில் ஆகப்போகிறது. அப்போது இந்த மனிதர் தன் மாலையால்தான் ஆயிற்று என்று நம்புவார். மிச்சமுள்ள காலம் முழுவதும் அந்த முன்னறையில் உட்கார்ந்து அதையே நம்பிக்கொண்டிருப்பார்.

நான் முதலில் பதிந்து அனுப்பிய கடிதத்தில் விண்வெளி, விதி, கடமை என்று பெரிய பேச்செல்லாம் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. நல்ல வேளை அவர் அதைத் திறக்கவில்லை. அதை ரத்து செய்கிறேன். புதிதாக ஒன்று பதிய வேண்டும்.

செப்டம்பர் 20, காலை 08:10
திரவம் 10.2. வெப்பம் 9.

புதுக் கடிதம் அனுப்பியாயிற்று. இந்தப் பதிவின் ஜூலை மாதப் பக்கங்களை அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறேன். அதன் சாரம், யாராவது அவரைச் சந்தித்தால் சொல்வதற்காக:

ஜூலை 3, காலை 9:40, குழாயில் விரிசல். ஜூலை 30, படத்துக்குப் பூமாலை. இடையில் இருபத்தேழு நாள். மாலை போடுவதற்கு இருபத்தேழு நாள் முன்பே எல்லாம் முடிவாகிவிட்டது. அப்பா ஒன்றும் செய்யவில்லை.

பெட்டியைச் சுத்தம் செய்யும் முறையை நேற்றைய அறுபது சொல்லிலேயே சொல்லியிருந்தேன். பெயிண்ட் பிரஷ், புதிது, ஈரம் கூடாது. நாரைக் கத்தரியால் வெட்டி எடுக்கவும், இழுக்கக் கூடாது. இதழ்களை இடுக்கியால் எடுக்கவும்.

வந்தது:

"நார வெட்டி எடுத்தாச்சு. பூவயும் எடுத்தாச்சு, ஒரு கை நெறய இருக்கு. இத எங்க போட? குப்பைல போட மனசில்ல. கால்படுத எடத்துலயும் போடக் கூடாது."

அனுப்பியது: "முருங்கை மரத்து மூட்டுல போட்டு ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்கப்பா. ஓட்டப் பெட்டின்னு சொன்னதுக்கு மன்னிச்சிருங்க. ஓட்டை போட்டது நான்தான். இன்னைக்குப் புதுசா ஒரு கடுதாசி வரும். பக்கத்துல உக்காந்து முழுசும் கேளுங்க. நான் பக்கத்துல இருக்கேன்னு நெனச்சுக்கோங்க."

ஆக்னஸ் இதை வெட்டாமல் அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் 22, காலை 07:00
திரவம் 9.0. வெப்பம் 8.

நேற்றுச் செய்தி இல்லை. இன்று வந்தது:

"எம்மா. கேட்டேன். நாப்பது நிமிசமும் ஓடிச்சு, நீலம் வரல. ஜூலை மூணு சீட்ட எடுத்துப் பாத்தேன். பின்னால எழுதிருக்கேன், காராச்சேவு கால் கிலோன்னு. அங்க உனக்கு ஒடஞ்ச அன்னைக்கு நான் இங்க சேவு வாங்கித் தின்னிருக்கேன். மூணு முந்தி, முப்பது பிந்தி. கணக்கு சரியா இருக்கு. நான் ரீடிங் எடுத்தவன். நம்பர் பொய் சொல்லாது."

கணக்கை ஏற்றுக்கொண்டார்.

நான் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு வேலை முடிந்தது. கிடங்கிலிருந்து உணவு ஐந்து பொட்டலம் மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், தினம் ஒன்று வீதம் சரியாக வரும். கால் விரல்கள் மரத்துவிட்டன. மூன்று கலங்களின் சமிக்ஞைகளும் இன்று ஒழுங்காகப் போயின. மனம் அமைதியாக இருக்கிறது என்று எழுத ஆசை. பொய். எனக்குக் காராச்சேவு வேண்டும். வீட்டுக்குப் போக வேண்டும்.

செப்டம்பர் 24, காலை 07:10
திரவம் 7.8. வெப்பம் 6.

வந்தது:

"எம்மா, நேத்து மறுபடியும் நீலம் வந்துட்டு. அதே நம்பரு, சீரோ எக்ஸ் சீரோ ஒண்ணு ஏ. அழுமூஞ்சியும் வந்துட்டு. என்ன செய்யன்னு சொல்லு. வெவரமா சொல்லு."

பதறிப்போனேன். எங்கே தவறு? சிவப்புப் பக்கமும் சுரண்டிவிட்டதா? நார் இன்னும் இருக்கிறதா?

பிறகு வீட்டுக் கணினியின் இயக்கக் குறிப்பைத் திறந்தேன். கடிதம் முழுதாகத் திறந்த நாள் முதல் ஒவ்வொரு செய்தியோடும் அது தானாக ஒட்டிக்கொண்டு வரும். அப்பாவுக்கு அது தெரியாது. செப்டம்பர் 21 காலை முதல் இந்த நிமிடம் வரை கோளாறு: பூஜ்யம். செயலி வெப்பம்: சாதாரணம். நேற்று முழுவதும் ஒரே கோப்பு நான்கு முறை திறக்கப்பட்டிருக்கிறது. என் கடிதம். நான்கு முறையும் கடைசி வரை ஓடியிருக்கிறது.

நீலம் வரவில்லை.

நாற்பது வருடம் மீட்டர் பார்த்தவர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய் ரீடிங் எழுதியிருக்கிறார். பழுது இருக்கும் வரை மகள் பேசுவாள் என்று கண்டுபிடித்துவைத்திருக்கிறார். வேறு என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

அனுப்பியது: "அப்பா, இது கொஞ்சம் பெரிய கோளாறு. ஒரு நாள்ல தீராது. படிப்படியாத்தான் பாக்கணும். தினம் காலைல ஒரு படி சொல்றேன். சொன்னத மட்டும் செய்யுங்க. அவசரப்படாதீங்க."

செப்டம்பர் 26, காலை 09:00
திரவம் 6.6. வெப்பம் 3.

நேற்றும் இன்றும் படிகளை எழுதினேன். மொத்தம் பதினாறு. அதற்கு மேல் வேண்டாம். ஆக்னஸிடம் ஒப்படைத்துவிட்டேன். நிலையம் பேசாவிட்டாலும் அவை போக வேண்டும்.

மையத்திலிருந்து, ஆக்னஸ்: "நிலையம், பதினாறும் என் கையில் இருக்கின்றன. நாளைக்கு மறுநாள் தொடங்கி, தினம் காலை ஏழு மணிக்கு ஒன்று. விதி இதற்கு இடம் தராது. அனுப்புவேன். அதற்கு முன் உங்கள் தந்தைக்குப் போக வேண்டிய போனையும் நானே செய்வேன், ஆனால் இந்த முறை உண்மையைச் சொல்ல."

சில படிகளை இங்கே பிரதி எடுத்துவைக்கிறேன். வாசிப்பவர் கணினி தெரிந்தவராக இருந்தால் சிரிக்கக் கூடாது.

"படி 2. மதர்போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அத மாத்தணும். பஜாருக்கு நடந்தே போங்க. பஸ்ல போனா பேட்டரிக்கு ஆகாது."

"படி 5. இதுக்கு டார்ச் பிடிக்க ஆள் வேணும். எதிர்வீட்டு அண்ணாச்சியக் கூப்பிடுங்க. மெஷின் சூடு ஆற ஒரு மணி நேரம் ஆகும், அது வரைக்கும் அவருக்குக் காப்பி போட்டுக் குடுத்துப் பேசிக்கிட்டிருங்க."

"படி 9. இன்னைக்கு மெஷினத் தொட வேணாம். சும்மா கெடக்கட்டும். நல்லாச் சாப்பிட்டுத் தூங்குங்க. கடுதாசி ஒரு தடவைக்கு மேல கேக்கக் கூடாது, ஃபேனு தேஞ்சிரும்."

"படி 12. ரேம் ரெண்டையும் கழத்தி மாட்டுங்க. காது ரெண்டு உண்டு, ஞாபகம் இருக்கா? செவப்புப் பக்கம். செவப்பு."

எல்லாம் வெற்றுப் படிகள். அந்தக் கணினிக்கு ஒன்றும் இல்லை. அவருக்கும் அது தெரியும். காலை ஏழு மணிக்குப் போய் ஸ்குரூ டிரைவரை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். நான் சொன்னபடியே செய்வார்.

செப்டம்பர் 27, காலை 11:15
திரவம் 5.9. வெப்பம் 1, இறங்குகிறது.

பம்பு 10:52க்கு நின்றது. சத்தம் இல்லாமல் நிலையம் ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

ஆன்டெனாவைத் தானியங்கியில் போட்டுவிட்டேன். குளிர் மோட்டாரைப் பிடிக்கும் வரை அது தன் வேலையைச் செய்யும். அடுத்து வருபவருக்கு: விரிசல் வடக்குச் சுவரில், மூன்றாவது இணைப்புக்குப் பின்னால். குழாயைச் சுவருக்கு வெளியே போடுங்கள். கை எட்டும்படி.

அப்பாவின் இன்றைய செய்தி வந்தது:

"எம்மா, இன்னைக்கும் நீலம். நீ சொல்லுத வரைக்கும் நான் தொடல. காத்துருக்கேன்."

பதில் அனுப்பினேன். "சரிப்பா. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குத் தொடங்குவோம்."

பதினாறாவது படியை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. விரல் ஒத்துழைக்கவில்லை, வாயால் சொல்லிப் பதிந்தேன். ஆக்னஸுக்கு அனுப்பிவிட்டேன். பிரதி கீழே. நேரம் மாலை 06:50. வியாழன் சன்னலில் இருக்

"படி 16. இதோட வேலை முடிஞ்சுதுப்பா. மெஷினுக்கு மூடியப் போட்டு ஸ்குரூவ முறுக்குங்க. மேல இருக்க ஓட்டைக்கு ஒரு கொசுவலத் துண்டு வச்சு ஒட்டுங்க, நான் விட்ட வேலை. அப்புறம் என் படத்த எடுத்து அம்மாவுக்குப் பக்கத்துல மாட்டுங்க. இந்தத் தடவ மாலை போடலாம், ஒண்ணும் ஆகாது. பூமாலை வேணாம், உதிரும். அம்மாவுக்குப் போட்டிருக்கீங்கல்ல, அதே மாதிரி பிளாஸ்டிக் மாலை போதும்."